மருமானும் சீட்டுக்கட்டும்

சங்கத்து அன்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டால் தண்டவாளம், பாலம், மழைக்கால ரோந்து என்று ஏதாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். முப்பத்தெட்டு வருட ரயில்வே உத்தியோகத்தில் வேறு என்ன தெரியும்? இந்த முறை சீட்டாட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். நம் குடும்பங்களில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் போன் இருக்கிறது. என் தங்கை வீட்டில் நடந்தது வேறு வீடுகளிலும் நடந்திருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

2024 மே மாதம். நாக்பூர் மே மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு மணிக்கு மேல் தெருவில் நாய்கூட நடமாடாது. கூலருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்தபோது தரம்பேட்டையிலிருந்து தங்கை போன் செய்தாள். "உடனே புறப்பட்டு வாண்ணா. இவர் அவனை அடிக்கக் கை ஓங்கிட்டார்."

அவன் என்றால் என் மருமான். ஒரே பிள்ளை. புனேயில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். மாப்பிள்ளை ஹாலில் ஒரு மூலையில், பையன் உள்ளறையில், தங்கை இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தாள். விஷயம் இதுதான்: நான்காம் வருடம் போக மாட்டானாம். போக்கர் ஆடிச் சம்பாதிக்கப் போகிறானாம்.

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்க முடியாமல். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று திறப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டை வைத்துவிட்டு விலகலாம். ஏழு சீட்டில் நல்ல ஐந்தாகச் சேர்ப்பவருக்குக் கட்டிய பணம் முழுவதும். வெறும் சீட்டை வைத்துக்கொண்டு பெரிதாகக் கட்டி எல்லோரையும் விலகச் செய்தாலும் அவருக்கே. ஆட்டம் நடத்தும் தளம் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை வங்கியில் இருந்தவர். அவர் வாயில் தருமபுத்திரர், நளன், வள்ளுவர் சூதுக்கென்று தனி அதிகாரமே எழுதியது எல்லாம் வரிசையாக வந்தன. பையனும் சளைக்கவில்லை. ரம்மி திறமை ஆட்டம் என்று 1967இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாம். 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், தமிழ்நாட்டு அரசின் தடைச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் விலக்கிவிட்டதாம். 2003இல் அமெரிக்காவில் ஒரு கணக்கர், கம்ப்யூட்டரில் ஆடித் தகுதி பெற்று, உலகப் போட்டியில் ஜெயித்து 25 லட்சம் டாலர் வாங்கினாராம். அவர் குடும்பப் பெயரே மணிமேக்கர். இது மட்டும் கதையில் வந்திருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் மாப்பிள்ளையை அனுப்பிவிட்டு, மோர் குடித்துவிட்டு, பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "கணக்கு வெச்சிருக்கியா?"

அவன் முகம் மாறியது. அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது. லேப்டாப்பைத் திறந்தான். ஒவ்வொரு ஆட்டமும் பதிவாகியிருந்தது. நான்கு மாதத்தில் 40,000 ஆட்டம். தினம் இரண்டரை மணி நேரம், ஒரே சமயத்தில் இரண்டு மேஜை. 25 ரூபாய், 50 ரூபாய் என்று கட்டாயமாகக் கட்ட வேண்டிய மேஜைகள், உட்காரும்போது 5,000 ரூபாய் வைத்துக்கொள்ள வேண்டும். நிகர லாபம் ஒரு லட்சம். முன்பு சிறுகச் சேர்த்தது 50,000. கையிருப்பு ஒன்றரை லட்சம்.

மாதம் 25,000 ரூபாய்! பையன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவனுடைய சீனியர்களில் பலர் படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கான கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது சேரச் சொல்வார்கள் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சேர்ந்தவர்களுக்கும் சம்பளம் ஏறக்குறைய அதே 25,000தான். "இன்னும் ஒரு வருஷம் ஃபீஸ் கட்டி, அதே சம்பளத்துக்கு நான் ஏன் மாமா போகணும்?"

நான் பட்டதாரி இல்லை. திருச்சியில் பாலிடெக்னிக் முடித்து, 1980இல் ரயில்வே சர்வீஸ் கமிஷன் மூலமாக மத்திய ரயில்வேக்கு வந்தவன். அப்பா பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டர். எனக்குத் தெரிந்த கணக்கு டிப்ளமா கணக்கு. ஆனால் எங்கள் தொழிலில் பிழையைப் பற்றி ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். தண்டவாளத்துக்கு லெவல் எடுத்துக்கொண்டே போகும்போது ஒவ்வொரு இடத்திலும் சிறு பிழை சேரும். சில கூடும், சில குறையும். அதனால் தூரம் நான்கு மடங்கானால் மொத்தப் பிழை நான்கு மடங்காவதில்லை, இரண்டு மடங்குதான் ஆகும். வர்க்கமூலக் கணக்கு.

"நூறு ஆட்டத்துக்கு உன் பணம் எவ்வளவு ஏறி இறங்குது?" என்று கேட்டேன்.

"சராசரி லாபம் 250. ஏற்ற இறக்கம் 4,500 ரூபாய் சுமாருக்கு இருக்கும்."

அப்படியானால் 40,000 ஆட்டம் என்பது 400 நூறு. 400க்கு வர்க்கமூலம் 20. இருபது நாலாயிரத்து ஐந்நூறு, 90,000. பழைய லெவல் புக் ஒன்றை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்திருப்பேன், மளிகைக் கணக்கு எழுத. அதில் எழுதிக் காட்டினேன்: லாபம் 1,00,000, கூட்டவோ கழிக்கவோ 90,000. அதாவது நீ நிஜமாகவே நூறு ஆட்டத்துக்கு 475 சம்பாதிக்கும் சூரனாக இருக்கலாம். 25 ரூபாய்க்காரனாகவும் இருக்கலாம். கொஞ்சம் கூடுதலாக அதிர்ஷ்டம் கூட வந்திருந்தால் நஷ்டக்காரனாகவே இருந்து, அது உனக்குத் தெரியாமலும் இருக்கலாம். நாற்பதாயிரம் ஆட்டம் ஆடியும் தெரியவில்லை.

அவனுக்கு இது புதிது இல்லை. "தெரியும் மாமா. லட்சம் ஆட்டம் தாண்டினா தெளிவாகும். அதுக்குத்தான் முழு நேரம் வேணும்கறேன்."

இப்படிச் சொல்பவனைச் சூதாடி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் பார்த்த சூதாடிகள் வேறு மாதிரி. அதில் ஒருவனை எனக்கு மிக நன்றாகத் தெரியும்.

1983 தீபாவளி. நான் அப்போது ஆம்லா பக்கம் பாதை ஆய்வாளர், கல்யாணம் ஆகவில்லை. ரெஸ்ட் ஹவுஸில் வடநாட்டு நண்பர்கள் தீன் பத்தி, அதாவது மூணு சீட்டு, ஆடினார்கள். தீபாவளியன்று சீட்டு ஆடுவது அவர்களுக்கு லட்சுமி கடாட்சம். முதலில் எட்டணா, ஒரு ரூபாய் என்று ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்கு நான் 90 ரூபாய் லாபத்தில் இருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு 410 ரூபாய் போயிருந்தது. அப்போது என் சம்பளத்தில் பாதிக்கு மேல். அந்த மாதம் ஊருக்கு மணியார்டர் போகவில்லை. சம்பளம் தாமதம் என்று கார்டு போட்டேன். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா அதை நம்பியிருக்க முடியாது. தங்கைக்குக் கல்லூரியில் இரண்டாம் டெர்ம் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. அப்பா சொசைட்டியில் கடன் வாங்கிக் கட்டியதாகப் பிறகு தெரிந்தது.

இதை அன்று இரவு மொட்டை மாடியில் பையனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "நீங்க கணக்கு வெச்சுக்கலை, மாமா," என்றான். உண்மைதான். கணக்கு வைத்திருந்தால் 90 ரூபாயோடு எழுந்திருப்பேனா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

அவன் திருப்பி ஒன்று கேட்டான். "டிகிரி, டிகிரின்னு சொல்றீங்களே, இது நீங்க பேசறதா, இல்லை உங்க ஏ.எம்.ஐ.ஈ. பேசறதா?"

அவன் அம்மா சொல்லியிருப்பாள். டிப்ளமாக்காரர்கள் வேலையிலிருந்தபடியே பட்டத்துக்குச் சமமான தகுதி பெற இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினீயர்ஸ் நடத்திய பரீட்சை அது. செக்‌ஷன் ஏ முடித்தேன். செக்‌ஷன் பி-யில் இரண்டு பேப்பர் பாக்கி. ஒரு மழைக்காலம் விடுப்புக் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் குழந்தை பிறந்தது, அப்படியே நின்றுவிட்டது. ரயில்வேயில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை, உதவிப் பொறியாளராகத்தான் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு கட்டுமான ஆலோசனை நிறுவனத்துக்குப் போனபோது, என் கீழே வேலை கற்றுக்கொண்ட பையன் பட்டதாரி என்பதால் ஒரு நாற்காலியிலும், நான் அதற்குக் கீழே ஒரு நாற்காலியிலும் உட்கார வேண்டி வந்தது. ஆறு மாதத்தில் விலகிவிட்டேன். எனவே அவன் கேட்டது சரியான கேள்வி. பாதி அது பேசியதுதான். மற்ற பாதி, எனக்குத் தெரிந்த ஒரு சின்னப் பாலம் பேசியது.

ரயில் பாலம் கட்டும்போது சராசரி மழைக்குக் கட்டுவதில்லை. ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எவ்வளவு என்று கணக்கிட்டு, அது தடையின்றிப் போக வழி விடுவார்கள். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறைதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. கணக்குப் போட்டால், ஐம்பது ஆண்டுக் காலத்தில் அப்படி ஒரு வெள்ளம் ஒரு தடவையாவது வருவதற்கு நூற்றில் 64 வாய்ப்பு. எண்பதுகளில் ஒரு ஜூலை இரவு, நான் பொறுப்பிலிருந்த பகுதியில் மிகப் பழைய சின்னப் பாலம் ஒன்றின் அடியில் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டது. வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஓடை. ரோந்துக்காரர் சிவப்பு விளக்கைக் காட்டி, தண்டவாளத்தில் பட்டாசு வைத்து, கூட்ஸ் வண்டியை நிறுத்தினார். அந்த ஓடையில் சராசரித் தண்ணீர் முழங்கால் அளவுகூட இருக்காது.

"சரி," என்றேன். "உன்னை நல்ல ஆட்டக்காரன்னே வெச்சுக்குவோம். நிஜமாவே நூறு ஆட்டத்துக்கு 250. மாசம் பத்தாயிரம் ஆட்டம். லாபம் 25,000. ஏற்ற இறக்கம்?"

"நூறு நூறு, வர்க்கமூலம் பத்து. 45,000."

"அப்போ ஒரு தப்பும் பண்ணாமலே நஷ்டத்தில முடியற மாசம்?"

யோசித்தான். "பத்தில மூணு மாசம்."

"அந்த மூணு மாசமும் புனேயில வாடகை கேட்பாங்களா, மாட்டாங்களா?"

இதற்கு அவனிடம் பதில் இருந்தது. கையிருப்புதான் மெத்தை, ஒன்றரை லட்சம் என்பது முப்பது தடவை உட்காரும் பணம், அனுபவஸ்தர்கள் வகுத்த விதி அது என்றான். அப்போது நான் வரியைப் பற்றிக் கேட்டேன். 2023 ஏப்ரல் முதல் இந்த மாதிரி ஆன்லைன் ஆட்ட வருமானத்துக்கு நேராக 30 சதவீதம் வரி, எடுக்கும்போதே பிடித்துவிடுவார்கள். சம்பளக்காரனுக்கு உள்ள அடிப்படை விலக்கு இதற்குக் கிடையாது. செலவைக் கழிக்கவும் முடியாது. மாதம் 25,000 சம்பளக்காரன் வரியே கட்டுவதில்லை. இவன் 22,500 எடுத்தால் கையில் 15,750. புனேயில் அறை வாடகை, மெஸ், பெட்ரோல் எல்லாம் அதில்தான். கையிருப்பில் மாதம் சேருவது 2,500. இதைத் தவிர, 2023 அக்டோபரிலிருந்து உள்ளே போடும் பணம் முழுவதன் மேலும் 28 சதவீத ஜி.எஸ்.டி. அதைத் தளங்களே ஊக்கத்தொகையாக ஈடுகட்டுகின்றன என்றான். எத்தனை நாள் ஈடுகட்டும் என்று இருவருமே பேசவில்லை.

"சாப்பாட்டுக்கு எடுத்துக்கிட்டே ஆடினா அந்த ஒன்றரை லட்சம் என்ன ஆகும்னு எனக்குப் போடத் தெரியலை. நீ போடு," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நிஜமாகவே எனக்குப் போடத் தெரியாது. தந்திரமாகச் சொன்னேன் என்று பிறகு மாப்பிள்ளை பாராட்டினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது. இரவு முழுவதும் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறான். பத்தாயிரம் கற்பனை ஆட்டக்காரர்கள். எல்லோரும் அவனைப் போலவே திறமைசாலிகள், எல்லோருக்கும் ஒன்றரை லட்சம். முதலில் ஒரு பைசா எடுக்காமல் ஆட விட்டிருக்கிறான். நூற்றில் இரண்டு மூன்று பேர்தான் மொத்தமாகத் துடைத்துக்கொண்டு போனார்கள். பிறகு அதே ஆட்டக்காரர்களை மாதம் 22,500 எடுத்துக்கொண்டு ஆட விட்டிருக்கிறான்.

"நூத்துக்கு எழுபது பேர் காலி, மாமா."

அவன் குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. திறமை அதே திறமை. சீட்டு அதே சீட்டு. சாப்பிட்டதுதான் வித்தியாசம். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவன் குடிக்கவில்லை.

உடனே மனம் மாறிவிட்டான் என்று எழுதினால் பொய். இளரத்தம் அல்லவா? தினம் சாயங்காலம் ஏதாவது ஒரு மாற்று வழியோடு வருவான். நான்கு மேஜையில் ஆடினால்? ஆடலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் கவனம் குறையும் என்று அவனே சொல்லிவிட்டான். சின்ன மேஜைக்கு இறங்கினால்? ஏற்ற இறக்கம் குறையும், வருமானமும் குறையும், வாடகை குறையாது. கடைசியில், "வீட்டிலேயே இருந்து ஆடினா? வாடகையும் இல்லை, சாப்பாட்டுச் செலவும் இல்லை. கணக்கு நல்லா வருது," என்றான்.

"கணக்கு நல்லாத்தான் வரும். வெள்ளத்துக்கு வழி விடறது யாரு? உங்க அம்மா."

சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப நான் தொழில்முறை ஆட்டக்காரன் இல்லை. அம்மா ஸ்பான்சர் பண்ற ஆட்டக்காரன்," என்று சொல்லிச் சிரித்தான். அந்த வாரம் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இதற்குள் நானும் கொஞ்சம் படித்திருந்தேன். கிறிஸ் ஃபெர்குசன் என்பவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் துறையில் 1999இல் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, 2000இல் உலகப் போட்டியில் ஜெயித்திருக்கிறார். ஆனி டியூக் என்ற பெண்மணி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முனைவர் படிப்பை முடிக்கும் தறுவாயில் விட்டுவிட்டு, போக்கர் ஆடிப் பெயரும் பணமும் சம்பாதித்து, முப்பது வருடம் கழித்து அதே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 2023இல் பட்டத்தை முடித்தார். இதைப் பையனிடம் சொன்னபோது, "பார்த்தீங்களா, விட்டாலும் திரும்பலாம்," என்றான். நான் சொல்ல வந்தது வேறு. பெரிய ஆட்டக்காரர்கள் கதையில் யாருக்கு எது வேண்டுமோ அது கிடைக்கும், அதனால் அந்த வழியை விட்டுவிட்டேன்.

ஆட்டம் நடக்கும் மேஜையே நிலையானதுதானா என்பது அதைவிட உருப்படியான பேச்சாக இருந்தது. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்களை ஒரே நாளில் முடக்கியது. அதில் ஒன்றில் பணம் வைத்திருந்த அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு 2014இல்தான் பணம் திரும்பத் தொடங்கியது. 2017இல் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம், தேர்ந்த ஆட்டக்காரர்கள் நால்வரை 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடித் தோற்கடித்தது. 2019இல் ஆறு பேர் மேஜையிலும் இன்னொரு புரோகிராம் ஜெயித்தது. போனில் எதிரே ஆடுவது ஆளா, இயந்திரமா என்று எப்படித் தெரியும்? இதெல்லாம் என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டில் 2020 முதல் 2023 வரை தடை, ரத்து, மறுபடி தடை, மறுபடி விலக்கு என்று போனதும் தெரியும். "அது தமிழ்நாடு மாமா. நான் இருக்கறது மகாராஷ்டிரா," என்றான்.

ஜூன் இரண்டாம் வாரம் அவன் முடிவு சொல்ல வேண்டும், ஃபீஸ் கட்டும் தேதி நெருங்கிவிட்டது. தங்கை அழுது பார்த்துவிட்டாள். மாப்பிள்ளை பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: "பத்து மாசம். முடிச்சுடு. அதுவரை சின்ன மேஜையில ஆடிக் கணக்கெழுதிட்டு வா, பணத்தை எடுக்காதே. லட்சம் ஆட்டம் ஆகட்டும். அப்பவும் 250 நின்னா, உங்கப்பா கிட்ட நானே பேசறேன். சீட்டு எங்கேயும் ஓடிப் போயிடாது."

மாப்பிள்ளை இதைக் கேட்டு என் மேல் கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம். பிள்ளையை ஆடாதே என்று சொல்லக் கூப்பிட்டால் இவர் பத்து மாதத் தவணை கொடுத்துவிட்டுப் போகிறாரே என்று அவருக்கு. ஆடாதே என்று சொல்லியிருந்தால் புனே போய் ஒளித்து ஆடியிருப்பான், கணக்கு எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். நான் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம்.

பையன் ஃபீஸ் கட்டினான். 5 ரூபாய், 10 ரூபாய் மேஜைக்கு இறங்கினான். மாதக் கடைசியில் எனக்கு வாட்ஸ்அப்பில் கணக்கு வரும். நான் லெவல் புக்கில் எழுதுவேன். ப்ராஜெக்ட், பரீட்சை என்று சில மாதம் ஒன்றும் வராது. ஒரு மாதம் நஷ்டம், இரண்டு மாதம் லாபம், மறுபடி நஷ்டம். இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் ஆடியதைத் தனிப் பத்தியில் எழுதச் சொன்னேன். அதில் சிவப்பு மைதான் அதிகம். 2025 ஜூனில் பட்டம் வாங்கினான். ஜூலையில் புனேயிலேயே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பிரீமியக் கணக்குப் போடும் பிரிவில் சேர்ந்தான். சம்பளம் அவன் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம், அவன் அப்பா எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆட்டக் கணக்கு அப்போது 71,000இல் நின்றது. இன்னும் 29,000 ஆட்டம் பாக்கி.

2025 ஆகஸ்டு 20ஆம் தேதி லோக்சபாவிலும், மறுநாள் ராஜ்யசபாவிலும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் மசோதா நிறைவேறியது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பேதமே இல்லை. 22ஆம் தேதி ஜனாதிபதி கையெழுத்திட்டார். தளங்கள் அந்த ஓரிரு நாளிலேயே பண ஆட்டத்தை நிறுத்தின. அவன் பணத்தை முழுவதும் எடுத்துவிட்டான், அதில் சிக்கல் வரவில்லை.

தங்கை வீட்டில் அன்று பாயசம். மாப்பிள்ளை எனக்குப் போன் செய்து, "நீங்க தீர்க்கதரிசி," என்றார். நான் தீர்க்கதரிசி இல்லை என்பது எனக்குத் தெரியும். இரவு ஒன்பதரைக்குப் பையன் பேசினான்.

"மாமா, ஒரு விஷயத்தில நீங்க தப்பு. சீட்டு எங்கேயும் ஓடிப் போகாதுன்னு சொன்னீங்க."

"ஆமாம்."

"போன வருஷம் விட்டிருந்தா பதினாலு மாசம் முழுசா ஆடியிருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னிக்கு டிகிரியும் இல்லை, சீட்டும் இல்லை. அது தெரியாம இல்லை மாமா. ஆனா நான் நல்லா ஆடறவனா, இல்லை அந்த நாலு மாசம் சீட்டுதான் நல்லா விழுந்ததா? இனிமே தெரியவே தெரியாது."

நான் என்ன சொல்ல? லெவல் புக்கைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன். 71,000 ஆட்டத்தையும் சேர்த்துப் போட்டாலும் கூட்டவோ கழிக்கவோ என்ற அந்த எண் சராசரியோடு ஒட்டிக்கொண்டே நின்றது. அவனுக்கு ஆறுதலாக ஒன்று சொல்ல நினைத்து, வாய்க்கு வராமல், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டானாம்.

தீபாவளிக்கு வந்திருந்தான். சாயங்காலம் நாங்கள் நால்வரும் முந்நூற்று நாலு ஆடினோம், புளியங்கொட்டை வைத்து. தங்கையும் அவனும் ஒரு கட்சி, மாப்பிள்ளையும் நானும் ஒரு கட்சி. கொட்டை எல்லாம் தங்கை பக்கம் போய்விட்டது. "உனக்கு எப்பவுமே சீட்டு ராசி கிடையாதுண்ணா," என்று சிரித்தாள். பையன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. 1983ஆம் வருடக் கதையை அவன் இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. இந்த இதழ் தரம்பேட்டைக்கும் போகும். படித்துவிட்டு அவளே போன் செய்வாள். இரண்டாம் டெர்ம் ஃபீஸ் எத்தனை ரூபாய் என்பது அவளுக்கு நிச்சயம் நினைவிருக்கும்.